ஏழு பெட்டித் திடல்

நூலகர் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு வந்தது சர்க்கரைப் பரிசோதனைக்கு. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர் தன் காரியத்தை ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் காது மடல் சூடேறிவிட்டது.

"வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க சார்."

"வேற யார்கிட்டம்மா போவேன்? ஏழு பெட்டித் திடல்னு வாயெடுத்தாலே எல்லாரும் உங்க அப்பாவைத்தான் சொல்றாங்க."

"அதனாலதான் வேண்டாங்கிறேன்."

நூலகத்துக்கு அந்த வருடம் ஐம்பது வயது. அதையொட்டி ஊரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுவதாக ஏற்பாடு. பேருந்து நிலையத்துக்கு ஓர் அத்தியாயம், பழைய பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, மூடிப்போன சாயப்பட்டறைக்கு ஒன்று என்று ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. புதையல் கதைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அவள் சோதனைக் குழாயில் சீட்டை ஒட்டி, தாங்கியில் செருகினாள். நூலகர் எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "சரி விடுங்க. சலூன்காரர்தான் நான் எழுதறேன், நான் எழுதறேன்னு குதிச்சிக்கிட்டு இருக்காரு. அவர்கிட்டயே குடுத்துடறேன்," என்றார்.

அவர் விவரம் தெரிந்து சொன்னாரோ, தெரியாமல் சொன்னாரோ, அந்த ஒரு வார்த்தை வேலை செய்தது. சலூன்காரர் கையில் கத்தரியோடு அவளுடைய அப்பாவைப் போலவே நடந்து காட்டுவார் என்பது ஊருக்கே தெரியும். முதுகை வளைத்து, தோளில் இல்லாத கடப்பாரையைச் சுமந்து, மண்ணை முகர்ந்து பார்த்து, "தங்கம் வாசம் வருதுடா!" என்பார். நாற்காலியில் பாதி முகச் சவரத்தோடு உட்கார்ந்திருப்பவர்கூட நுரை சிதறச் சிரிப்பார்.

"இருங்க சார்," என்றாள் அவள். "நானே எழுதறேன்."

கதை இதுதான். சாயப்பட்டறையின் முதல் முதலாளி, போர் வரப்போகிறது என்று பயந்து, ஏழு இரும்புப் பெட்டிகளில் தங்கக் காசை நிரப்பி, தொழிலாளர் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலித் திடலில் புதைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனார். போனவர் திரும்பவில்லை. பெட்டிகள் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

இதை நம்பிய ஆட்களில் முதல் ஆள், முற்றிய ஆள், அவளுடைய அப்பா. சாயப்பட்டறையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கடப்பாரை, மண்வெட்டி, கூடை. பொழுது சாயும்போது செம்மண் பொம்மை மாதிரி திரும்பி வருவார். அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறியதில்லை. தெரு அவருக்கு 'புதையல் பைத்தியம்' என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தங்கக்கட்டி என்று பெயர். வருகைப் பதிவு எடுக்கும்போது பின் பெஞ்சிலிருந்து யாராவது, "தங்கக்கட்டி வந்துடுச்சு டீச்சர், பெட்டிதான் இன்னும் வரல," என்பார்கள். அவள் படித்து, ஆய்வக வேலையில் சேர்ந்து, கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குக் குடிபோனபோது மனதுக்குள் பட்ட நிம்மதியை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா இறந்து இப்போது ஒன்பது வருடம்.

ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்வது அவளுக்குப் பழக்கமில்லை. ஆய்வகத்தில் ஒரு குழாய் வந்தால், யாருடையது, எப்போது எடுத்தது, எங்கிருந்து வந்தது என்று மூன்று கேள்வி கேட்காமல் தொடமாட்டாள். அதே பழக்கத்தில், கதை சொன்ன ஒவ்வொருவரிடமும், "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சலூனுக்கும் போனாள். அவளைப் பார்த்ததும் சலூன்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவளைவிட இரண்டு வயது இளையவர். அதே தெருவில் பிறந்தவர்.

"அக்கா, நான் சும்மா தமாஷுக்கு..." என்று இழுத்தார்.

"அதை விடுங்க. கதையைச் சொல்லுங்க. உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்க அப்பாதான். அவரும் தோண்டினாரு, தெரியுமா? உங்க அப்பா தோண்டின பக்கம் இல்ல, மேற்கு மூலையில. மூணு மாசம் தோண்டினாரு. கெடச்சது ஒத்தைச் செருப்பு. அதுவும் இடது காலு."

"அவருக்கு யார் சொன்னாங்க?"

"உங்க அப்பாதான். 'பெட்டி ரெண்டு பக்கமும் இருக்கு, நீ மேற்கால தோண்டு, நான் கிழக்கால தோண்டறேன், நமக்குள்ள சண்டை வேண்டாம்'னு சொன்னாராம். நல்ல மனுஷன்னு எங்க அப்பா சொல்லுவாரு."

தையற்காரர், பால் விற்பவர், பட்டறையின் பழைய காவல்காரர் என்று ஒரு மாதத்தில் பதினான்கு பேரைப் பார்த்தாள். பதினான்கு பேரின் கதையும், இரண்டு கைகளோ மூன்று கைகளோ மாறி, கடைசியில் அப்பாவின் வாயில் போய் முடிந்தது. அவருக்கு முன்னால் அந்தக் கதையைக் கேட்ட ஒருவர்கூட இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அடித்தே சொல்லிவிட்டார்: "உங்க அப்பா கடப்பாரையைத் தூக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே நான் இந்த ஊருக்கு வந்துட்டேன். அப்ப திடல் இருந்துச்சு. பெட்டியும் இல்ல, கதையும் இல்ல."

போதாக்குறைக்கு நூலகர் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். "இவர்தான் பட்டறையோட முதல் முதலாளி. எந்தப் போருக்கும் ஓடல. இதே ஊர்ல, சொந்தக் கட்டில்ல படுத்து, எண்பத்தொரு வயசுல செத்தாரு."

அன்று வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. இத்தனை வருடமும் அப்பாவை ஏமாந்தவர் என்று நினைத்திருந்தாள். அதிலாவது ஒரு பரிதாபம் இருந்தது. இப்போது பார்த்தால் கதையைக் கட்டியவரே அவர்தான். பொய்யைத் தானே அவிழ்த்துவிட்டு, அதன் பின்னால் தானே ஏழு வருடம் ஓடினாரா? இதை எப்படி எழுதுவது?

எழுதத்தான் வேண்டும் என்றால் திடலின் அளவும் எல்லையுமாவது சரியாக இருக்கட்டும் என்று, ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நகராட்சியின் ஆவண அறைக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் தும்மிக்கொண்டே ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். திடலின் வரைபடம் அதில் இருந்தது. வரைபடத்துக்கு அடியில் வேறொரு தாள் இருந்தது. திடலின் ஓரத்தில், தெருவே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பொதுக் கிணற்றை மூடச் சொல்லும் உத்தரவு. காரணம்: சுற்றுச்சுவர் பலவீனமாக உள்ளது. தேதியைப் பார்த்தாள். அப்பா தோண்ட ஆரம்பித்த அதே மாதம்.

கிணற்றடி அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தச் சுவர்மேல் எட்டுப் பேர் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். இன்றைக்கும் மேலே இரும்புக் கம்பி போட்டு மூடிக் கிடக்கிறது. சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

தாளைத் திருப்பினாள். அதே கையெழுத்தில், அந்தத் தெருவுக்கு உடனே குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை. அதன் கீழே, ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி: 'நீர் மாதிரி மாதந்தோறும் எடுக்கப்படும்.'

வேறு யாராக இருந்தாலும் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவள் இருபது வருடமாக மாதிரிகளோடு குடும்பம் நடத்துகிறவள். சுவர் பலவீனம் என்றால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். தண்ணீரை எதற்காகப் பரிசோதிக்க வேண்டும்?

கையெழுத்துக்குக் கீழே பதவி இருந்தது: குடிநீர் ஆய்வாளர்.

"இவங்க இப்ப இருக்காங்களா?" என்று எழுத்தரிடம் கேட்டாள்.

"இருக்காங்களாவா? மாசம் தவறாம ஓய்வூதியச் சீட்டு வாங்க வந்து எங்களை எல்லாம் ஒரு பிடி பிடிச்சிட்டுத்தானே போறாங்க," என்று சொல்லி, விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

ஆய்வாளர் அம்மா ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. அவள் மூச்சு வாங்கக் கதவைத் தட்டியபோது, வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்த, ஒல்லியான ஒரு பெண்மணி திறந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"யாரும்மா? கணக்கெடுப்பா?"

"இல்ல மேடம். ஏழு பெட்டித் திடல் பத்திக் கேக்க வந்தேன். அங்க தோண்டிக்கிட்டு இருந்தாரே, அவரோட பொண்ணு."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

"என்ன மேடம்?"

"ரெண்டு கையையும் காட்டும்மா."

அவள் நீட்டினாள். அந்த அம்மாள் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்குகளை விலக்கிப் பார்த்தார். "சுத்தமா ஆறிடுச்சு," என்றார். "உள்ள வா."

ஐந்து வயதில் அவளுக்குக் கையிலும் காலிலும் ஆறாத புண்கள் இருந்தன. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். என்ன நோய் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஏதோ ஒவ்வாமை, தானாகச் சரியாகிவிட்டது என்பார்கள்.

"தானா ஒண்ணும் சரியாகல," என்றார் ஆய்வாளர் அம்மா. அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "உங்க அப்பா ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்தாரு. கையில ஒரு பாட்டில் தண்ணி. 'மேடம், இந்தக் கிணத்துத் தண்ணியில என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க'ன்னாரு. ஏன்னு கேட்டேன். நின்னாரு, நின்னாரு, அப்புறம் பொலபொலன்னு அழுதுட்டாரு."

அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை.

"அதுக்கு மூணு வருஷம் முன்னாடி பட்டறை மேனேஜர், மிச்சமான சாய மருந்தை எல்லாம் இரும்புப் பீப்பாயில அடைச்சு, திடல்ல புதைக்கச் சொல்லியிருக்கான். புதைச்ச வெளியூர்க் கூலி ஆளுங்களுக்கு மேஸ்திரியா நின்னது உங்க அப்பா. ஏழு பீப்பாய். அதுல என்ன இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லல. அவரும் கேக்கல. சொன்ன வேலையைச் செஞ்சாரு. அப்புறம் உனக்கு உடம்பு கெட்டுப்போச்சு. ஆஸ்பத்திரியில உன் கையைப் பார்த்தப்பதான் அவருக்குப் பொறி தட்டியிருக்கு. பட்டறையில அந்த மருந்து பட்டவங்க கையிலயும் அதே மாதிரிப் புண்ணுதானே வரும்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சோதனை பண்ணினேன். குரோமியம், சாய மருந்துல இருக்கற விஷம். இருக்கக்கூடிய அளவைவிட முப்பது மடங்கு. உடனே மேல எழுதினேன். பதில் இல்ல. திரும்ப எழுதினேன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, 'பட்டறையை மூடினா முந்நூறு வீட்ல அடுப்பு எரியாது. நீ எரிய வைப்பியா? உன் வேலையும் போகும், யோசிச்சுக்கோ'ன்னாரு. உங்க அப்பாவை மேனேஜர் கூப்பிட்டு, 'புதைச்சது நீ. கையெழுத்துப் போட்டது நீ. கம்பி எண்ணப் போறதும் நீதான்'னு சொல்லிட்டான். நாங்க ரெண்டு பேரும் பயந்தவங்கதாம்மா. அதை மறைக்க மாட்டேன். பயத்தோடயே என்ன செய்ய முடியுமோ அதைச் செஞ்சோம்."

ஆய்வாளர் செய்தது, இல்லாத விரிசலைச் சொல்லிக் கிணற்றை மூடியது, அலையாய் அலைந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது. அவள் அப்பா செய்தது, புதைத்ததை எடுத்தது.

"சும்மா போய்த் தோண்டினா பட்டறை ஆளு விடுவானா? நான்தான் கேட்டேன், என்ன சொல்லிட்டுத் தோண்டுவீங்கன்னு. ரெண்டு நாள் கழிச்சு வந்து, 'மேடம், புதையல்னு சொல்லிடறேன். பைத்தியக்காரனை யாரும் தடுக்க மாட்டாங்க'ன்னாரு. அப்படித்தான் ஆச்சு. பயத்துல மூளை கலங்கிடுச்சுன்னு நினைச்சு, மேனேஜரே ஒரு நாள் திடலுக்கு வந்து வேடிக்கை பார்த்துட்டு, 'கெடச்சா பாதி எனக்கு'ன்னு சிரிச்சிட்டுப் போனானாம்."

"சலூன்காரர் அப்பாவை மேற்கால தோண்டச் சொன்னது..."

"பின்ன? நாலு பேரு ஆசைப்பட்டுக் கிழக்கால இறங்கிட்டா என்ன ஆகறது? பீப்பாய்ல கை வச்சுட்டா? அதான் அவங்களை எல்லாம் வெறும் மண்ணுப் பக்கம் திருப்பி விட்டுட்டாரு."

ஆறு பீப்பாய்களை இரண்டு வருடத்தில் எடுத்தாராம். நகராட்சி மண் லாரியின் ஓட்டுநர் ஆய்வாளரின் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் லாரி வரும். பீப்பாயைச் சாக்கில் சுற்றி ஏற்றி, மேலே மண்ணைக் கொட்டிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே நகராட்சி கட்டியிருந்த சிமென்ட் தொட்டியில் இறக்கிவிடுவார். ஏழாவது பீப்பாய்தான் ஆளை வாட்டிவிட்டது. தேடித் தேடி எடுத்தபோது அது வெறும் கூடு. துருப்பிடித்து ஓட்டையாகி, உள்ளே இருந்தது முழுக்க மண்ணில் இறங்கியிருந்தது. கிணற்றைக் கெடுத்தது அதுதான்.

"பீப்பாயை எடுத்தாச்சு, போதும்னேன். அவரு கேக்கல. அந்த மண்ணையே எடுக்கணும்னாரு. மஞ்சளாக் கிடந்த மண்ணை எல்லாம் கூடை கூடையா அஞ்சு வருஷம் எடுத்தாரு. ஒத்தை ஆளு."

அந்த அம்மாள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். "இது ஆபீஸ் நோட்டு இல்ல. என் சொந்த நோட்டு. மாசா மாசம் அவரு பாட்டில்ல தண்ணி கொண்டுவருவாரு. நான் சோதிச்சு எழுதுவேன்."

அவள் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான பரிசோதனைத் தாள்களைப் பார்த்தவள். எண்களைப் பார்த்தாலே உடம்பின் கதை தெரிந்துவிடும். இந்த நோட்டையும் அப்படித்தான் படித்தாள். முதல் பக்கத்து எண்ணை இரண்டு முறை படித்துச் சரிபார்த்தாள். இரண்டாம் வருடம் கொஞ்சம் இறங்கியது. ஒரு மழைக்குப் பிறகு திடீரென்று ஏறியது. மறுபடி இறங்கியது. ஒரு கோடையில் ஐந்து மாதம் அசையாமல் அப்படியே நின்றது. அந்த ஐந்து மாதமும் ஒரு ஞாயிறு விடாமல் தோண்டியிருக்கிறார். பிறகு மெல்ல, மெல்ல, தசமப் புள்ளிகளாக இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கத்தில் எண் இல்லை. 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தது. அடுத்த மாதமும் கண்டறியப்படவில்லை. அதற்கடுத்த மாதமும். அதோடு நோட்டு நின்றிருந்தது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அந்த ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். ஆய்வாளர் அம்மா தடுக்கவில்லை.

"பட்டறையை மூடின பிறகாவது சொல்லியிருக்கலாமே மேடம்? எங்ககிட்டயாவது?"

"நானும் கேட்டேம்மா. 'புதையல் பைத்தியம்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும் மேடம். பிள்ளைக்கு விஷம் வச்சவன்னு அவ ஒரு நிமிஷம் நினைச்சுட்டா என்னால தாங்க முடியாது'ன்னாரு. அதுக்கு மேல நான் என்ன பேசறது? வாக்குக் குடுத்தேன். இன்னிக்கு நீயே தேடிக்கிட்டு வந்துட்ட. இனிமே என் மேல தப்பில்ல."

அவள் எழுந்து அந்த அம்மாளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். நன்றி என்று சொல்லப் பார்த்தாள். "சரி, சரி," என்றார் ஆய்வாளர் அம்மா. "உங்க அப்பாவும் இப்படித்தான். ஒவ்வொரு மாசமும் வாசல்ல நின்னுக்கிட்டு வாயைத் திறப்பாரு, மூடுவாரு, போயிடுவாரு."

அங்கிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் சொல்லச் சொல்ல முதலில் மடிப்பதை நிறுத்தவில்லை. 'ஏழு பீப்பாய்' என்றதும் கை நின்றது.

மகள் சொல்லி முடித்ததும், "அவர் துணியை என்னைத் தொட விடமாட்டாருடி," என்றாள்.

"எந்தத் துணி?"

"ஞாயித்துக்கிழமை துணி. கொல்லையில தானே துவைச்சு, தனியாக் காயப்போடுவாரு. நான் திட்டினதுனால ரோஷம்னு நினைச்சேன். 'பெரிய ராஜா, பொண்டாட்டி கை பட்டா அழுக்காயிடுமா'ன்னு ஏசினேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா? நாலு மாசம் பேசாமக்கூட இருந்தேன்." சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பாவி மனுஷன்!"

"சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா? பட்டறை வாசல்ல போய் மண்ணை வாரித் தூத்தியிருப்ப."

"தூத்தியிருப்பேன்தான்," என்றாள் அம்மா. அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு அடங்கி, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "கடைசியில அவருக்குச் சிறுநீரகம் போச்சே, அது இதனாலதானா?"

அப்பாவின் ரத்தத்தைக் கடைசி இரண்டு வருடம் ஆய்வகத்தில் மகளேதான் எடுத்துப் பரிசோதித்தாள். "நம்பர் என்ன சொல்லுது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அவள் பொய் கலந்து ஏதாவது சொல்வாள். அவர் நம்பியதுபோலத் தலையாட்டுவார்.

"தெரியலம்மா. இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

அம்மா தலையாட்டிவிட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியை மறுபடி விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா, இதை நான் எழுதட்டுமா? எழுதினா, புதைச்சது அவர்தான்னும் எழுத வேண்டிவரும். அவர் மறைச்சு வச்சது அதைத்தான்."

அம்மா துணியை ஒதுக்கி வைத்தாள். "எழுது," என்றாள். "புதைச்சதையும் எழுது, எடுத்ததையும் எழுது. பாதியை மட்டும் எழுதினா அது வேற யாரோ மாதிரி இருக்கும். உனக்கு அவர் மேல கோவம் இருக்கா?"

"இல்லம்மா." சொல்லிவிட்டு, அது உண்மைதானா என்று ஒருமுறை தனக்குள் பார்த்துக்கொண்டாள். உண்மைதான். வருத்தம் இருந்தது. அவர் இருந்தபோது பத்து நல்ல வார்த்தை பேசாமல் போனோமே என்ற வருத்தம். மற்றபடி மனசு நிறையக் கிடந்தது நன்றி ஒன்றுதான். அதைக் கொடுக்க ஆள் இல்லையே என்பதுதான் தவிப்பு.

அத்தியாயம் ஒன்பது பக்கம் வந்தது. நூலகர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். மூன்றாம் நாள் தொலைபேசியில், "வெளியீட்டு விழாவுல நீங்கதான் வாசிக்கணும்," என்றார்.

விழா ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்தின் வாசிப்பு அறையில் நடந்தது. மேசைகளை ஓரமாகத் தள்ளி, அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அம்மா. அவளுக்குப் பக்கத்தில் ஆய்வாளர் அம்மா. பழைய தெருக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். ஏழு பெட்டி என்றதும் சிரிக்கத் தயாராக வந்தவர்கள்தான் அவர்கள். முதல் பக்கத்தில் சிரிக்கவும் செய்தார்கள். சலூன்காரரின் அப்பாவுக்குக் கிடைத்த ஒத்தைச் செருப்புக்குப் பெரிய சிரிப்பு. நான்காம் பக்கத்தோடு சிரிப்பு நின்றது. அவள் இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். கிணற்று நீர்க் கணக்கின் கடைசி வரியை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கடைசி வரிசையிலிருந்து சலூன்காரர் எழுந்தார்.

"அந்தக் கிணத்துத் தண்ணியை அப்ப குடிச்சிக்கிட்டிருந்த பசங்க எத்தனை பேரு இங்க இருக்கோம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கையைத் தூக்கினார்.

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தையற்காரர். பள்ளிக்கூட ஆசிரியை ஆகிவிட்ட ஒருத்தி. பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஒருவர். அவள் எண்ணினாள்: பத்தொன்பது. தன்னையும் சேர்த்து இருபது. சலூன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே அந்த நடையை நடக்க மாட்டேன், அக்கா," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அப்போது பட்டறையின் பழைய காவல்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் பேட்டி எடுத்தபோது, "அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்று கதவைப் பாதி சாத்தியவர்.

"ஒரு நாள் லாரி குழியில இறங்கி ஏறுச்சு," என்றார். "சாக்கு விலகிடுச்சு. பீப்பாயைப் பார்த்தேன். உங்க அப்பாவும் நான் பார்த்ததைப் பார்த்துட்டாரு. ஆளு அப்படியே நின்னுட்டாரு. மேனேஜர்கிட்ட சொல்லணும், அதான் என் வேலை. எனக்கும் அந்தத் தெருவுலதான் வீடு, ரெண்டு பிள்ளைங்க. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

அறை முழுக்க அவரையே பார்த்தது. அம்மா எழுந்தாள். முழங்கால் வலிக்காரி, நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல நடந்து அவரிடம் போனாள்.

"அண்ணே," என்றாள், "நீங்க செஞ்சது சின்ன விஷயம் இல்ல. நல்லா இருக்கணும் நீங்க. மத்தியானம் சாப்பாடு நம்ம வீட்லதான். வராம இருந்துடாதீங்க."

காவல்காரர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மாவும் ஆய்வாளர் அம்மாவும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். காவல்காரர் கூடவே கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

"மாசா மாசம் உங்க ஆபீசுக்கு வந்தாரே, சட்டையாவது நல்லதாப் போட்டுக்கிட்டு வந்தாரா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒரே சட்டைதான். நீலக் கோடு போட்டது. காலர்ல ஒரு பொத்தான் இருக்காது."

"கேட்டா தச்சுக் குடுத்திருப்பேனே!" என்று அம்மா அங்கலாய்த்தாள். "அப்புறம்? என்ன பேசுவாரு? என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

அவள் இரண்டடி பின்னால், அவர்கள் பேசுவது காதில் விழும் தூரத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஆய்வாளர் அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.